பூஞ்சை ஒவ்வாமையும் அடுக்களையும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் போதும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கத்து வீடுகளில் சுவர் ஓதமேறும், அப்பளம் நமுத்துப்போகும், கூடவே மூக்கும் ஒழுகத் தொடங்கும். "எதைச் சாப்பிடக் கூடாது?" என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. இணையத்தில் அதற்குக் கிடைக்கும் பட்டியல்களில் ஒயினும் பாலாடைக்கட்டியும்தான் முதலில் நிற்கின்றன. நம் அடுக்களையில் இருப்பதோ அரைத்த மாவு, கருவாடு, வெங்காயம், கொப்பரை. இந்தப் பக்கம் அவற்றைப் பற்றியது.

பூஞ்சை ஒவ்வாமை என்பது சாப்பாட்டால் வருவதா, காற்றால் வருவதா?

பெரும்பாலும் காற்றால். பூஞ்சை தன் இனத்தைப் பெருக்கக் கண்ணுக்குத் தெரியாத வித்துகளைக் காற்றில் விடுகிறது. அவை மூக்கிலும் நுரையீரலிலும் படும்போது, ஒவ்வாமை உள்ளவர் உடல் அவற்றை எதிரியாக எண்ணி ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைக் கிளப்பிவிடுகிறது. தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இருமல், இளைப்பு எல்லாம் அதன் விளைவு. ஆல்டர்நேரியா, கிளாடோஸ்போரியம், அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் ஆகிய நான்கு வகைகள்தான் பரிசோதனைகளில் அடிக்கடி அடிபடும் பெயர்கள்.

வயிற்றுக்குள் போகும் பூஞ்சையால் இதே ஒவ்வாமை கிளம்புவது அபூர்வம்.

அப்படியானால் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாமா?

வேண்டும், ஆனால் காரணம் வேறு. சாப்பாடு மூன்று வழியில் இந்தக் கதைக்குள் வருகிறது.

முதல் வழி மூக்குதான். பூசணம் பிடித்த வெங்காயத்தை உரிக்கும்போது, கெட்டுப்போன ரொட்டியை "வாடை வருதா பாரு" என்று முகர்ந்து பார்க்கும்போது, ஓதமேறிய மிளகாய்த்தூள் டப்பாவைத் தட்டும்போது ஆயிரக்கணக்கான வித்துகள் நேராக மூக்கில் ஏறுகின்றன. சாப்பிடாமலேயே தும்மல் வரும். "சமைக்கப் போனாலே தும்மல்" என்பவர்களில் பலருக்கு இதுதான் கதை.

இரண்டாவது, உண்மையான உணவு ஒவ்வாமை. காற்றுவழிப் பூஞ்சை ஒவ்வாமை உள்ள சிலருக்குக் காளான் போன்ற பூஞ்சை இன உணவுகளிலுள்ள ஒத்த புரதங்களும் ஒத்துக்கொள்வதில்லை. எண்ணிக்கையில் குறைவு, வந்தால் கடுமையாக இருக்கலாம்.

மூன்றாவது, ஒவ்வாமை போலவே வேஷம் போடும் ஹிஸ்டமின். சரியாக ஐஸ் வைக்காத மீனிலும், நீண்ட நாள் புளித்த சில உணவுகளிலும் இது சேருகிறது. ஒவ்வாமையின்போது உடலே சுரக்கும் அதே பொருள் வெளியிலிருந்து வருவதால் முகம் சிவக்கும், அரிக்கும், மூக்கு ஒழுகும். பூஞ்சைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

இந்த மூன்றில் உங்களுக்கு எது என்று தெரியாமல் உணவை வெட்டத் தொடங்கினால், உடம்பு இளைப்பதுதான் மிச்சம். தும்மல் நிற்காது.

எனக்குப் பூஞ்சை ஒவ்வாமைதான் என்று எப்படி உறுதி செய்வது?

தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை, அல்லது ரத்தத்தில் குறிப்பிட்ட பூஞ்சைக்கான ஐஜிஇ பரிசோதனை. தோல் பரிசோதனைக்குப் போவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே செட்ரிசின், லெவோசெட்ரிசின் போன்ற மாத்திரைகளை, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வாமை இருந்தும் தோல் தடிக்காது. பரிசோதனை வீண். இன்ஹேலரை நிறுத்தத் தேவையில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எந்த மாத்திரையும் தடையில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். பரிசோதனையில் "பாசிட்டிவ்" வந்தால் உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டிருக்கிறது என்றுதான் பொருள். அதனால்தான் உங்களுக்குத் தொல்லை என்று அது நிரூபிக்காது. அறிகுறியும் அறிக்கையும் பொருந்த வேண்டும். நூறு உணவுகளுக்கு மேல் ஒரே ரத்தச் சொட்டில் பார்த்துத் தருவதாகச் சொல்லும் ஐஜிஜி பரிசோதனைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஐஜிஜி என்பது அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம்தான், ஒவ்வாமைக்கு அல்ல.

மணலி, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. ஆலைப் புகை, கண்டெய்னர் லாரி கிளப்பும் தூசி, டீசல் நெடி இவை ஒவ்வாமை இல்லாதவர் மூக்கையும் எரிக்கும். வெளியே போனால் அதிகமாகி வீட்டுக்குள் வந்தால் குறைகிறதா, அல்லது வீட்டுக்குள், அதிலும் அலமாரியைத் திறந்தால் அதிகமாகிறதா என்று இரண்டு வாரம் குறித்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இட்லி, தோசையை நிறுத்தணுமா? மாவு புளிக்கிறதே பூஞ்சையால்தானே?

நிறுத்த வேண்டாம். மாவைப் பொங்க வைப்பவை லியூகோனாஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், கூடவே கொஞ்சம் ஈஸ்ட். சுவரில் கறுப்பாகப் படரும் பூஞ்சைக்கும் இவற்றுக்கும் உறவில்லை. அவித்த இட்லியில் அவையும் உயிரோடு இருப்பதில்லை.

பிரச்சினை மாவைப் பழையதாக்கும்போது வருகிறது. அரைத்ததை வெளியில் புளிக்க வைப்பது வெயில் காலத்தில் 6 முதல் 8 மணி நேரம், மார்கழியில் 10 முதல் 12 மணி நேரம் போதும். பிறகு ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். பாத்திரத்தின் விளிம்பில் காய்ந்து ஒட்டிய மாவில்தான் முதலில் பூசணம் பூக்கும். ஆகவே எடுக்கும்போதெல்லாம் விளிம்பை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மேலே சாம்பல் நிறத்தில் மெல்லிய ஏடு கட்டினால் அது பெரும்பாலும் காற்றுப் பட்டதால் வரும் நிறமாற்றம். இளஞ்சிவப்பு, பச்சை, கறுப்புப் புள்ளியோ பஞ்சு போன்ற படலமோ தெரிந்தால் முழு மாவையும் கொட்ட வேண்டும். மேலாக வழித்துவிட்டு "தோசையா ஊத்திக்கலாம்" என்பது வேண்டாம், வேர் இழைகள் அடியில் ஓடியிருக்கும்.

கடை மாவுப் பொட்டலத்தில் அரைத்த தேதி இருக்கிறதா பாருங்கள். பலூன் போல உப்பியிருந்தால் புளிப்பு முற்றியது. ஒவ்வாமைக்கு ஆபத்து என்று சொல்ல முடியாது, ஆனால் ஹிஸ்டமினுக்கு எளிதில் சிவந்துபோகிறவர்கள் புது மாவாகப் பார்த்து வாங்குவது நல்லது.

பழைய சோறு, தயிர், மோர்?

மூன்றுமே பாக்டீரியாவின் வேலை. ராத்திரி சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடி, காலையில் சாப்பிடுகிற வரைக்கும் கவலை இல்லை. பிசுபிசுத்து நூல் விட்டாலோ, நிறம் மாறினாலோ கொட்டிவிடுங்கள். சோறு ஆறுவதற்குள் மூன்று நான்கு மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடந்தால் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா விஷம் உண்டாக்கலாம். அது வாந்திக்குக் காரணம், தும்மலுக்கு அல்ல.

வெங்காயத்தில் கறுப்புத் தூள் இருக்கிறதே, அது மண்ணா?

மண் இல்லை. அஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற கறும்பூஞ்சை. காய்ந்த மேல்தோலுக்கும் சதைக்கும் நடுவே கரிபோல அப்பியிருக்கும் அந்தத் தூள் முழுக்க வித்துகள். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான் என்போம். ஏனென்றால் சமையலில் தினமும் இதைத் தொடாத வீடு கிடையாது, ஒவ்வாமைப் பட்டியல்களில் மட்டும் இது வருவதே இல்லை.

உலர்ந்த நிலையில் உரித்தால் தூள் பறக்கும். ஆகவே வெங்காயத்தை முதலில் ஒரு அகலமான பாத்திரத் தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். தலையையும் வாலையும் வெட்டி, தண்ணீருக்குள் வைத்தபடியோ குழாய்க்கு அடியிலோ தோலை உரியுங்கள். தோலை உடனே ஒரு பையில் போட்டு முடிந்து வெளியே வையுங்கள். துடைப்பத்தால் கூட்டினால் அத்தனையும் மறுபடி காற்றில் ஏறும், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். உரித்த வெங்காயத்தைக் கழுவிப் பாருங்கள். முதல் சதையடுக்கில் கறுப்பு ஏறியிருந்தால் அந்த அடுக்கையும் கழித்துவிடலாம். உள்ளே கெட்டியாக, வாடை இல்லாமல் இருந்தால் சமைக்கத் தகும். கழுத்துப் பக்கம் அமுங்கினாலோ நீர் கசிந்தாலோ முழுதும் குப்பைக்கு.

விசேஷத்துக்கு அண்டா பிரியாணி என்று பத்துக் கிலோ உரிக்கும் நாளில் ஒவ்வாமை உள்ளவரை வேறு வேலைக்கு அனுப்புங்கள். முடியாதென்றால் என்95 முகக்கவசம். துணி முகக்கவசம் வித்தைத் தடுக்காது.

சேமிப்பில் நடக்கும் தவறு, பிளாஸ்டிக் பையோடு அப்படியே வைப்பது. ஈரம் வெளியேற வழியில்லாமல் இரண்டே நாளில் வேர்த்துவிடும். கம்பிக் கூடையிலோ தொங்கும் வலையிலோ போடுங்கள், உருளைக்கிழங்கோடு சேர்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம், மூட்டை மலிவு என்றாலும்.

பூண்டுப் பல்லில் நீலப்பச்சையாகத் தெரிந்தால் அது பெனிசிலியம். அந்தப் பல்லையும் அதை ஒட்டியிருக்கும் பற்களையும் கழித்துவிடுங்கள். சாத்துக்குடி, ஆரஞ்சில் பச்சையாகவோ நீலமாகவோ பூப்பதும் இதே இனம்தான். ஒன்றில் வந்தால் கூடையில் பக்கத்தில் இருப்பவற்றையும் எடுத்துக் கழுவித் துடைக்க வேண்டும்.

கருவாடு சாப்பிடலாமா?

நன்றாகக் காய்ந்த கருவாட்டைச் சாப்பிடலாம். பார்த்து வாங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது.

நெத்திலி, வாளை, சுறா எதுவானாலும் இரண்டு நிறங்களைத் தேடுங்கள். மேலே மிளகுத்தூள் தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அது வாலேமியா என்ற பூஞ்சை. உப்பும் வறட்சியும் அதற்குப் பிடிக்கும், "உப்புப் போட்டதில் பூசணம் வராது" என்ற நம்பிக்கையைப் பொய்யாக்குவது அதுதான். இளஞ்சிவப்பாக வழுவழுத்தால் உப்பை விரும்பும் பாக்டீரியா, மீன் அழுகத் தொடங்கியதன் அடையாளம். இரண்டையும் வாங்காதீர்கள். கழுவி, ஊறவைத்து, வறுத்தாலும் புள்ளி மறையும், உள்ளே போன இழையும் புரதமும் முழுதாகப் போகாது.

வளைத்துப் பாருங்கள். காய்ந்த கருவாடு விறைப்பாக நிற்கும், நெத்திலி பட்டென்று ஒடியும். தொய்ந்து வளைந்தால் ஈரம் இருக்கிறது. தார்ச்சாலையில் பரப்பியதைவிடக் கயிறு, வலை, மேடையில் காய்ந்தது மேல். அடியிலும் காற்று ஓடியிருக்கும்.

வாங்கி வந்ததும் நேராக டப்பாவில் அடைக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் வெயிலில் பரப்பி, பிறகு நிழலில் முழுதாக ஆறவிட்டு, காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். சூடு ஆறுமுன் மூடினால் மூடியின் அடியில் நீர்த்துளி கோத்து, அங்கிருந்து பூசணம் தொடங்கும். வெயில் இல்லாத மழை வாரத்தில் கருவாடு வாங்குவதையே தள்ளிப் போடுங்கள். கழுவும்போது முதலில் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் செதிலும் தலையும் எடுக்க வேண்டும். வெங்காயத்துக்குச் சொன்ன அதே காரணம்.

காசிமேட்டில் வாங்கிய மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து அரிக்கிறது. மீன் ஒவ்வாமையா?

எந்த மீன் என்பதைப் பொறுத்தது. காணாங்கத்தை, சூரை, மத்தி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட பத்து நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகச் சிவப்பு, தலைவலி, படபடப்பு, அரிப்பு, சில சமயம் பேதி. சாப்பிடும்போதே நாக்கில் மிளகு போல எரிவது ஒரு அறிகுறி. வீட்டில் அதே மீனைத் தின்ற இன்னொருவருக்கும் வந்தால் அது ஹிஸ்டமின் விஷம். உங்களுக்கு மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் வந்தால் ஒவ்வாமையைச் சோதிக்க வேண்டும்.

குழம்பில் கொதித்தாலும், பொரித்தாலும், ஃப்ரீசரில் வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. உண்டாகாமல் தடுப்பது ஒன்றே வழி. ஏலம் போடும் இடத்தில் ஐஸில் கிடக்கிற மீனாக வாங்குங்கள், ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற கணக்கில் பெட்டி கொண்டுபோங்கள், வழியில் டீக்கடைக்கு ஒதுங்காமல் வீடு வந்து சேருங்கள். சுத்தம் செய்து உடனே 4 டிகிரிக்குக் கீழே.

காளான், சோயா சாஸ், சீஸ் எல்லாம் பூஞ்சைதானே?

காளான் பூஞ்சை இனமேதான். ஆனாலும் இதுவரை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் நிறுத்தக் காரணமில்லை. சாப்பிட்டதும் வாய் அரிப்பு, உதடு வீக்கம், தொண்டை இறுக்கம், இளைப்பு இவற்றில் ஏதாவது வந்திருந்தால் வீட்டில் மறுபடி சோதித்துப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். ஆல்டர்நேரியா ஒவ்வாமை உள்ள சிலருக்குக் காளானும் பாலக் கீரையும் ஒத்துக்கொள்ளாமல் போனது மருத்துவப் பதிவுகளில் உண்டு. சிப்பிக் காளானை வீட்டில் வளர்ப்பது வேறு கதை. அதன் வித்துகள் மூடிய அறையில் ஏராளமாகப் பறக்கும், நுரையீரலையே பாதிக்கலாம். பூஞ்சை ஒவ்வாமை உள்ளவர் அந்தத் தொழிலுக்குப் போகக் கூடாது.

சோயா சாஸ் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையை வைத்துப் புளிக்க வைப்பது. ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்ட நாளெல்லாம் மூக்கடைக்கிறது என்றால் சந்தேகிக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நீல நரம்போடிய சீஸில் பெனிசிலியத்தை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். பிட்சாவில் போடும் மொசரெல்லாவில் அது இல்லை.

ரொட்டி, பன், பொறை?

ஈஸ்ட் பொதுவாகத் தொந்தரவு தருவதில்லை. இந்த ஊர் ஈரத்தில் ரொட்டி வெளியில் மூன்று நாள் தாங்கினாலே அதிகம். வாங்கிய அன்றே பாதியை ஃப்ரீசரில் போட்டுத் துண்டு துண்டாக எடுத்துச் சுட்டுக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் புள்ளி தெரிந்தால் முழுப் பொட்டலமும் போக வேண்டும்.

வேர்க்கடலை, கொப்பரை, மிளகாயில் வரும் பூஞ்சை அதிக ஆபத்து என்கிறார்களே?

ஆபத்துதான், ஆனால் அது ஒவ்வாமை இல்லை, விஷம். அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் வளரும்போது அஃப்ளடாக்சினைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தின்ற ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் செத்து விழுந்த பிறகுதான் உலகம் இதைக் கண்டுபிடித்தது. நீண்ட நாள் உள்ளே போனால் கல்லீரல் புற்றுநோய்க்கு வழி வகுக்கும். வறுத்தாலும் முழுதாக அழியாது. ஒவ்வாமை இருக்கிறவர், இல்லாதவர் எல்லாருக்கும் விதி ஒன்றே: சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைத் துப்பிவிடுங்கள், விழுங்காதீர்கள். கொப்பரையில் மஞ்சள், பச்சைப் பூ இருந்தால் துடைத்து எண்ணெய் ஆட்டக் கொடுக்காதீர்கள். காம்போடு இருக்கிற, குலுக்கினால் விதை கலகலக்கிற மிளகாயே காய்ந்த மிளகாய். பாக்கிலும் இந்தப் பூஞ்சை வருவதுண்டு, உள்ளே கறுத்திருந்தால் மெல்லக் கூடாது.

உடைத்த தேங்காய் மூடியை ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் வைக்க வேண்டாம். அன்றே துருவி, சின்னப் பொட்டலங்களாக ஃப்ரீசரில்.

மசாலாத்தூள், மைதா, ரவை, ரேஷன் அரிசி?

மசாலா அரைக்கும் முன் மிளகாய், மல்லியை வெயிலில் நன்கு காயவைத்து, மில்லிலிருந்து வந்த தூளைச் செய்தித்தாளில் பரப்பி முழுச் சூடும் ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் அரையுங்கள். கொதிக்கிற குழம்புக்கு மேலே டப்பாவைச் சாய்த்துத் தட்டுவதால் ஆவி ஏறி வாய்ப்பக்கம் கட்டி தட்டும். கட்டியில்தான் பூஞ்சை குடியேறும். காய்ந்த கரண்டியால் எடுத்துப் போடுங்கள்.

ரவையைச் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் வறுத்து ஆறவைத்தால் ஈரம் போகும். ஏற்கெனவே கெட்டதை வறுத்துக் காப்பாற்ற முடியாது.

மைதா, பஜ்ஜி மாவு விஷயத்தில் பூஞ்சையைவிட மோசமான ஒன்று உண்டு: தூசுப்பூச்சி எனப்படும் நுண்ணிய சிலந்தியினம். சூடும் ஈரமும் உள்ள ஊர்களில், திறந்து வைத்த மாவில் பெருகும். தூசு ஒவ்வாமை உள்ளவர் அந்த மாவில் செய்ததைத் தின்றால் உயிருக்கே ஆபத்தான எதிர்வினை வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. சுட்டாலும் அந்தப் புரதம் சாவதில்லை. திறந்த மாவை மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள், அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

ரேஷன் அரிசியில் லேசான மக்கல் வாடை மட்டும் இருந்தால் துணியில் பரப்பி அரை நாள் வெயிலில் போட்டு ஆறவைத்துப் பாருங்கள். கட்டியாக ஒட்டியிருந்தாலோ பச்சை, கறுப்பு, மஞ்சள் தட்டியிருந்தாலோ கழுவிச் சமைக்காதீர்கள். வண்டு விழுந்த அரிசியைத் தள்ளிப்போடாமல் சுத்தம் செய்யுங்கள், பூச்சி மூச்சு விடும் ஈரமே மூட்டைக்குள் பூஞ்சையை அழைத்துவரும். வேப்பிலை வண்டை விரட்டலாம், பூஞ்சையை விரட்டாது. பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். டிரம்மைக் காலி செய்து, கழுவி, காயவைத்துப் பிறகு நிரப்புங்கள்.

ஊறுகாயின் மேல் வெள்ளையாகப் பூத்தால் வழித்துவிட்டுச் சாப்பிடலாமா?

பூஞ்சை ஒவ்வாமை உள்ள வீட்டில் வேண்டாம். காயை எண்ணெய் ஒரு விரற்கடை உயரம் மூடி நிற்க வேண்டும், ஈரக் கரண்டி போகவே கூடாது. பெரிய ஜாடியை அப்படியே வைத்து, வாரத்துக்கு வேண்டியதைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்வது பாட்டி காலத்து வழக்கம், இன்றும் அதைவிடச் சிறந்த வழி இல்லை.

எதை வெட்டிவிட்டுச் சாப்பிடலாம், எதைத் தூக்கி எறிய வேண்டும்?

கேரட், முட்டைக்கோஸ் போன்ற கெட்டியான காய்களில் சின்னப் புள்ளி என்றால் சுற்றிலும் ஆழத்திலும் ஓர் அங்குலம் விட்டு வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். கத்தி பூசணத்தில் படக் கூடாது. தக்காளி, கத்தரி, பழம், ஜாம், பன்னீர், சோறு, குழம்பு, ரொட்டி போன்ற மிருதுவானவை எல்லாம் முழுதாகக் குப்பைக்கு. முகர்ந்து பார்க்காதீர்கள். ஒவ்வாமை இல்லாத ஒருவர், மெதுவாக, ஒரு பையைக் கவிழ்த்து மூடி எடுத்துக் கட்டிப் போடட்டும்.

சாப்பாடு சரியாக இருந்தும் அடுக்களைக்குள் போனால் தும்மல் வருகிறது. எங்கே தேடுவது?

மூன்று இடம்.

ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்பை விரித்துப் பாருங்கள், கறுப்புக் கோடு தெரியும். ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, காயவிடுங்கள். பின்பக்கம் அடியிலுள்ள நீர்த் தட்டைப் பலர் வாங்கிய நாளிலிருந்து பார்த்ததே இல்லை. மின்சாரத்தை அணைத்துவிட்டு அதையும் எடுத்துக் கழுவுங்கள்.

அடுத்தது கிரைண்டர். கல்லைத் தூக்கிவிட்டால் நடுத் தண்டைச் சுற்றி, டிரம்முக்கு அடியில் காய்ந்த மாவு கறுத்துக் கிடக்கும். அரைத்த அன்றே கழுவி, கல்லைத் தனியாகச் சாய்த்து வைத்துக் காயவிட வேண்டும், ஈரத்தோடு மூடி போட்டால் மறுநாளே மக்கல் வாடை. மிக்ஸி ஜாடியின் மூடி வாஷரையும் கழற்றிக் கழுவுங்கள்.

மூன்றாவது சிங்க்குக்கு அடியிலுள்ள அலமாரி. குழாய் கசிவை நிறுத்தாமல் ப்ளீச் அடித்துப் பயனில்லை, பத்தே நாளில் திரும்ப வரும். ப்ளீச்சோடு வினிகரோ கழிவறை ஆசிடோ கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்தால் நல்லது. அறைக்குள் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குக் கஷ்டம். கடலோரத்தில் அது எளிதில் நடக்காது என்பதால் சமைக்கும்போது எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டு, முடித்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

வீட்டுக்குள் மழைநீர் வந்துவிட்டது. எந்த மளிகையைக் காப்பாற்றலாம்?

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு இது வருஷாவருஷக் கேள்வி. வெள்ளநீர் தொட்ட அரிசி, பருப்பு, மாவு, பிரித்த பொட்டலம், திருகு மூடி பாட்டில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். காயவைத்தாலும் கழிவுநீர் கலந்தது கலந்ததே. நசுங்காத, துருவேறாத தகர டின்களை மட்டும் லேபிளைக் கிழித்து, சோப்பால் கழுவி, 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி திரவ ப்ளீச் கலந்து 15 நிமிடம் முக்கி எடுக்கலாம்.

மின்சாரம் போனால் திறக்காத ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி, பாதி நிரம்பியது 24 மணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, அப்படிப்பட்ட சமயத்தில் முதல் நாளே மீனையும் கறியையும் சமைத்துத் தீர்ப்பது புத்திசாலித்தனம். நனைந்த மெத்தை, மரப்பலகையில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கிவிடும். ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ளவர் அந்தச் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கவே கூடாது.

அத்தோ, பேஜோ, தெருக்கடைச் சாப்பாடு?

பர்மாவிலிருந்து வந்த நூடுல்ஸ் வகையான அத்தோ கேட்டதும் கலந்து தருவது, பூஞ்சைக்கு அங்கே நேரமில்லை. நூடுல்ஸ் அன்று அவித்ததா, கூடத் தரும் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கிறதா பாருங்கள். திறந்து கிடக்கும் பொரித்த வெங்காயம் மழைநாளில் நமுத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர் இறால் பொடி போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளலாம்.

பூஞ்சை ஒவ்வாமை இருந்தால் பெனிசிலின் ஊசி போடக் கூடாதா?

போடலாம். 1928இல் ஃபிளெமிங் அந்த மருந்தைக் கண்டது பெனிசிலியம் பூஞ்சையில்தான், ஆனால் வித்துக்கு வரும் ஒவ்வாமை வேறு, மருந்துக்கு வரும் ஒவ்வாமை வேறு. முன்பு அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

ஏதோ ஒரு உணவுதான் காரணம் என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வாரம் எதையும் மாற்றாமல், சாப்பிட்டது, நேரம், தும்மல், இளைப்பு, அன்று மழையா, வெங்காயம் உரித்தீர்களா என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு சந்தேகப்படும் இரண்டு மூன்று உணவை மட்டும் மூன்று வாரம் நிறுத்துங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் எது என்று தெரியாது. குறைந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் இடைவெளி விடுங்கள். குறையவில்லை என்றால் உணவு காரணமில்லை, பழையபடி சாப்பிடுங்கள். இந்தச் சோதனையை மழைக்காலத்தில் ஆரம்பித்து தை மாதம் முடித்தால் தும்மல் குறைந்தது வானிலையாலா உணவாலா என்று குழப்பம் வரும். ஒரே பருவத்துக்குள் முடியுங்கள். குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் செய்யக் கூடாது. முன்பு கடுமையான எதிர்வினை வந்த உணவை யாருமே வீட்டில் திரும்பச் சேர்த்துப் பார்க்கக் கூடாது.

மஞ்சள் பால், தேன், மிளகு ரசம்?

தொண்டைக்கு இதம். ஒவ்வாமையை மாற்றுவதில்லை.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

இளைப்பு இன்ஹேலருக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வந்தாலோ, சளியில் பழுப்புக் கட்டிகள் வந்தாலோ, நுரையீரலில் அஸ்பெர்ஜில்லஸ் குடிகொண்டு உண்டாக்கும் ஏபிபிஏ என்ற நோயா என்று பார்க்க வேண்டும். காசநோய் என்று தவறாக எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை தின்றவர்களும் உண்டு. மொத்த ஐஜிஇ அளவு, அஸ்பெர்ஜில்லஸ் பரிசோதனை, ஸ்கேன் இவற்றால் பிரித்தறியலாம். எந்தப் பத்தியமும் இதற்கு மருந்தாகாது. ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டலாம்.

சாப்பிட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, மூச்சுத் திணறி, தலைசுற்றினால் அது அவசரம். 108ஐ அழையுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த அட்ரினலின் ஊசி கையில் இருந்தால் தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போடுங்கள், செட்ரிசின் மாத்திரை அதற்கு மாற்று ஆகாது. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறல்தான் அதிகமென்றால் உட்காரவைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள், மாடிப்படி வழியாக ஆம்புலன்ஸுக்கு நடத்திக் கூட்டிப்போவதும் கூடாது. சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரக்கூடும் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும், சாப்பிட்ட பொருளின் பொட்டலத்தையோ மீதியையோ ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.